மயிலைத் தோமா: சான்றின் வயதும் எடையும்

(மரக்காணத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட வடிவம்)



தொடக்கக் காலக் கிறிஸ்தவர்களைப் பற்றிய பேச்சை மரக்காணத்தில் வைப்பானேன், மயிலாப்பூரிலோ பரங்கிமலையிலோ வைத்திருக்கலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எகிப்திலிருந்து கப்பல் ஏறிய பெயர் தெரியாத ஒருவர் கிரேக்க மொழியில் ஒரு கடல்வழிக் கையேடு எழுதினார். 'எரித்திரியக் கடலின் பெரிப்ளஸ்' என்று அதைச் சொல்வது வழக்கம். சோழமண்டலக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளை அது வரிசைப்படுத்துகிறது. கமரா காவிரிப்பூம்பட்டினம் என்பதும், பொதுகே புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அரிக்கமேடு என்பதும் பெரும்பாலோர் கருத்து. சோபட்மாவை மரக்காணத்தோடு பொருத்துவோர் பலர். சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பவர்களும் உண்டு. மேற்கே இருந்து கிழக்கே வந்த எவரையும் பற்றிப் பேச இது பொருத்தமில்லாத இடமல்ல.

பேச்சின் மையம் ஒருவர்: இயேசுவின் பன்னிரு சீடருள் ஒருவரான தோமா. அவர் தமிழகம் வந்தார், மயிலையில் மடிந்தார் என்பது ஒரு மரபு. வரவே இல்லை, எல்லாம் பறங்கியர் கட்டிய கதை என்பது எதிர்வாதம். இரண்டையும் உரத்த குரலில் சொல்ல ஆள் இருக்கிறது. இந்த உரை முன்வைப்பது மூன்றாவது ஒரு வழி. தோமாவைப் பற்றிய சான்றுகள் ஒரே காலத்தவை அல்ல, ஒரே தரத்தவையும் அல்ல. திறந்த மனத்தோடு அணுகுவதென்றால், ஒவ்வொன்றையும் அதனதன் வயதோடும் எடையோடும் தனித்தனியே வைத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் மரக்காணத்து உப்பளப் பாத்தியில் நடப்பதும் இதுதான். கடல்நீர் வெயிலில் சுண்டும்போது அதன் அடர்த்தி சுமார் 13 டிகிரி (போமே அளவு) தாண்டியதும் ஜிப்சம் படியத் தொடங்குகிறது. சுமார் 25 டிகிரியில் உப்பு பூக்கிறது. 29, 30 டிகிரிக்கு மேல் விட்டால் மெக்னீசியக் கசப்பு ஏறும் என்பதால் மிச்சத் தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். எந்த நிலையில் எது படிந்தது என்று தெரிந்தவர் மூன்றையும் ஒரே குவியலாக வாரமாட்டார். அந்தப் பழக்கத்தோடு ஆறு செய்திகளைப் பார்க்கலாம்.

1. வழி இருந்தது

தோமா வந்திருக்க முடியுமா என்பது முதல் கேள்வி. முடியும் என்பதில் இன்று ஐயமில்லை. அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் இத்தாலியில் வனைந்த அரெட்டைன் கலங்களும், மது வந்த ஆம்போரா சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மீண்டும் தோண்டியபோது அந்தக் குடியிருப்பின் காலம் இன்னும் நீளமானது என்று தெரிந்தது. மேற்குக் கரையின் முசிறித் துறையிலிருந்து எகிப்துக்குச் சென்ற 'ஹெர்மபொல்லோன்' என்னும் கப்பலின் சரக்கு விவரம் எழுதிய பாப்பிரஸ் தாள், கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இப்போது வியன்னாவில் இருக்கிறது. பருவக்காற்றைப் பிடித்து ஆண்டுதோறும் கப்பல்கள் வந்துபோன காலம் அது. வணிகர் வந்த கப்பலில், தச்சர் என்று கதை சொல்லும் தோமாவும் வந்திருக்கலாம்.

இந்தச் சான்றின் எல்லை அவ்வளவே. ஆம்போரா உடைசல் எதிலும் தோமாவின் பெயர் இல்லை. சாலை இருந்தது என்பதற்கான ஆதாரத்தை, அதில் குறிப்பிட்ட ஒருவர் நடந்தார் என்பதற்கான ஆதாரமாகக் காட்டுவது மேடைகளில் அடிக்கடி நடக்கிறது. அங்கேதான் முதல் கலப்படம் தொடங்குகிறது.

2. ஏடும் நாணயமும்

தோமாவை இந்தியாவோடு இணைக்கும் பழைய நூல் 'தோமாவின் நடபடிகள்'. கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய துருக்கியில் உள்ள எடெசா நகரத்துச் சிரியாக் மொழிச் சூழலில் பிறந்தது. கதை சுவையானது. சீடர்கள் சீட்டுப் போட்டு நாடுகளைப் பிரித்துக்கொள்கிறார்கள். தோமாவுக்கு இந்தியா விழுகிறது. அவர் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். தச்சர் தேடி வந்த ஹப்பான் என்ற வணிகரிடம் இயேசுவே அவரை அடிமையாக விற்றுவிடுகிறார். குந்தபாரன் என்ற அரசனுக்கு அரண்மனை கட்டப் பணம் வாங்கிய தோமா, அதை முழுக்க ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, அரண்மனை விண்ணகத்தில் எழும்புகிறது என்கிறார். அரசன் சிறையில் தள்ளுகிறான். இறந்துபோன அரசனின் தம்பி மேலே அந்த மாளிகையைப் பார்த்துவிட்டு உயிர்பெற்று வந்து சொன்ன பிறகுதான் விடுதலை. பிற்பகுதியில், மஸ்தாய் என்ற இன்னொரு மன்னனின் ஆணைப்படி நான்கு வீரர்கள் ஈட்டியால் குத்தத் தோமா இறக்கிறார்.

பேசும் கழுதைக்குட்டியும் பெரும்பாம்பும் வரும் இந்த நூலை ஐரோப்பிய அறிஞர்கள் வெறுங்கதை என்று நெடுங்காலம் ஒதுக்கினார்கள். குந்தபாரன் என்று ஓர் அரசன் இருந்ததற்கு அன்று வேறு தடயமும் கிடைத்திருக்கவில்லை. 1830-களில் ஆப்கானிஸ்தானத்தில் சார்லஸ் மேசன் பழைய நாணயங்களைச் சேகரித்தார். அவற்றில் குந்தபாரன் என்ற பெயரோடு ஒக்கும் கோண்டோபேர்னஸ் என்ற இந்தோ-பார்த்திய மன்னனின் பெயர் கிரேக்க எழுத்தில் வந்தது. பிறகு தக்த்-இ-பாஹியில் கிடைத்த கல்வெட்டு, அவனது ஆட்சியின் 26-ஆம் ஆண்டை ஒரு சகாப்தத்தின் 103-ஆம் ஆண்டோடு இணைத்தது. பலர் ஏற்கும் கணக்கில் அது கி.பி. 46. எந்தச் சகாப்தம் என்பதில் இன்னும் வழக்கு இருந்தாலும், அரசன் உண்மை என்பது முடிந்துபோன விவாதம்.

இதில் இரண்டு தரப்புக்கும் பாடம் உண்டு. கதை என்று தள்ளிய நூலில் ஒரு மெய்யான பெயர் ஒன்றரை நூற்றாண்டு தாண்டியும் பிழைத்திருந்தது என்பதை ஐயப்படுவோர் கணக்கில் எடுத்தாக வேண்டும். அரசன் இருந்தான் என்பதால் மட்டும் தோமா அவனைச் சந்தித்தார் என்று ஆகிவிடாது என்பதை நம்புவோரும் ஒப்பத்தான் வேண்டும். அந்த அரசனின் நாடு தட்சசீலத்தைச் சுற்றியது, மயிலையிலிருந்து வெகு தொலைவு. தோமா கொலையுண்ட இடம் எந்தக் கடற்கரையில் என்று நூல் சொல்வதுமில்லை. அவருடைய எலும்புகள் ரகசியமாக மேற்கே கொண்டுபோகப்பட்டன என்றுதான் சொல்கிறது. அதற்கேற்ப 4-ஆம் நூற்றாண்டில், 373-இல் மறைந்த எப்ரேம் என்ற சிரியாக் கவிஞர் எடெசாவில் இருந்த எலும்புகளைப் பாடுகிறார். 384-இல் எகேரியா என்ற பெண் யாத்திரிகர் அங்கே போய் வணங்குகிறார்.

3. மயிலையின் நினைவு பறங்கியருக்கு முந்தியது

சாந்தோம் மரபு போர்ச்சுக்கீசியர் புனைந்தது என்பது பரவலான ஒரு வாதம். தேதிகள் அதை ஏற்கவில்லை. 1290-களின் தொடக்கத்தில் ஜான் மான்டிகோர்வினோ என்ற பிரான்சிஸ்கத் துறவி சீனா போகும் வழியில் புனித தோமாவின் கோயிலில் 13 மாதம் தங்கினார். உடன் வந்த நிக்கோலாஸ் அங்கேயே இறந்து புதைக்கப்பட்டார். அதே காலத்தில் இந்தக் கரை வழியே திரும்பிய மார்க்கோ போலோ, சிறிய ஊர், வணிகர் அதிகம் வராத இடம் என்று சொல்லிவிட்டு, கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் யாத்திரை வருவதையும், அங்குள்ள செம்மண்ணை நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுப்பதையும் எழுதினார். அவர் கேட்ட கதையில் கொலையே இல்லை. மயில்களுக்கு நடுவே செபித்துக்கொண்டிருந்த தோமாவை, மயிலைக் குறிவைத்த வேடன் ஒருவனின் அம்பு தவறிப் பாய்ந்து கொன்றதாம். எடெசா நூலின் நான்கு ஈட்டிகளுக்கும் இந்த ஓர் அம்புக்கும் ஒட்டுறவு கிடையாது. உள்ளூர் மரபு தன் போக்கில் வளர்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

1320-களில் வந்த ஒடோரிக் என்ற துறவி, கோயிலை ஒட்டி நெஸ்தோரியர் எனப்பட்ட கீழைச் சபைக் கிறிஸ்தவரின் வீடுகள் பதினைந்து இருந்ததாகக் குறித்தார். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பார்போசா என்ற போர்ச்சுக்கீசியர் எழுதும்போது நிலைமை மாறிவிட்டது. கட்டடம் பாழடைந்து கிடக்கிறது. ஏழை முஸ்லிம் ஒருவர் பிச்சையெடுத்த காசில் அங்கே விளக்கேற்றிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே 1523 வாக்கில் போர்ச்சுக்கீசியர் தோண்ட வந்தபோது, மக்கள் முன்பே சுட்டிக்காட்டிவந்த ஓர் இடத்தைத்தான் தோண்டினார்கள். அங்கே எலும்புகளும் ஈட்டி முனையும் மண் நிரம்பிய கலமும் கிடைத்ததாக அறிவித்தார்கள். அந்த அறிக்கையின் எடை வேறு. என்ன கிடைக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள் தோண்டிய குழி அது. மேலும் எடெசாவின் எலும்புகள் 1258-இல் இத்தாலியின் ஒர்தோனா நகருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன என்பது அந்த ஊர் மரபு. மயிலையில் கிறிஸ்தவ நினைவிடம் இருந்தது என்பது 13-ஆம் நூற்றாண்டுக்கு உறுதி. அது யாருடைய கல்லறை என்பதை 1523-இன் குழி தீர்க்கவில்லை.

4. பரங்கிமலைக் கல்

1547-இல் பரங்கிமலை உச்சியில் அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு கற்பலகை வெளிப்பட்டது. இப்போதும் மலைக்கோயிலின் பீடத்தில் பதித்திருக்கிறார்கள். கிட்டே நின்று பார்த்தால், நான்கு கைகளும் நுனியில் மொட்டுப்போல விரிந்த சிலுவை, அதன் மேல் தலைகீழாக இறங்கும் புறா, அடியில் படிகள், இரு பக்கமும் தூண்கள், அவற்றின் மேலிருந்து வளைவைக் கவ்வும் மகரம் போன்ற விலங்குகள், வளைவைச் சுற்றி ஒரே வரியாக எழுத்து. சிற்பியின் உளியில் நம் கோயில் தோரணங்களின் பழக்கம் தெரிகிறது.

எழுத்தைப் படிக்க யாருக்கும் தெரியவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் பிராமண அறிஞர் ஒருவரை வரவழைத்துப் படிக்கச் சொன்னார்கள். தோமா வந்தது, அற்புதம் செய்தது, மன்னருக்குப் போதித்தது, குத்துண்டு இறந்தது என்று நீண்ட வரலாறே அந்த ஒற்றை வரியிலிருந்து வெளிவந்தது. கேட்டவர்கள் என்ன கேட்க விரும்பினார்களோ அதையே கல் பேசியது. முந்நூறு ஆண்டு கழித்து, 1873-இல், சென்னை மாகாண அதிகாரி ஏ.சி. பர்னெல் அது பஹ்லவி, அதாவது இடைக்காலப் பாரசீக எழுத்து என்று நிறுவினார். அதன் பிறகு பலர் பலவாறு படித்திருக்கிறார்கள். 20-ஆம் நூற்றாண்டில் வின்க்வொர்த் தந்த வாசிப்பின்படி, அப்ராஸ் என்ற சிரியக் கிறிஸ்தவருக்கு இரக்கம் வேண்டும் சிறிய மன்றாட்டு அது. தோமாவின் பெயர் அதில் இல்லை. எழுத்தமைதியைக் கொண்டு 7, 8-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று கணிக்கிறார்கள்.

இது ஏமாற்றம் என்று நினைப்பவர் உண்டு. உண்மையில் இந்தக் கல் தருவது பெரிய செய்தி. தேவாரம் பாடப்பட்ட நூற்றாண்டுகளை ஒட்டிய காலத்தில், பாரசீகத்துத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் சென்னைக் கரையில் வாழ்ந்து, உள்ளூர்ச் சிற்பியை வைத்துத் தங்கள் சிலுவையைச் செதுக்கியிருக்கிறார்கள். இதே வகைச் சிலுவைகள் கோட்டயம் வலியபள்ளியில் இருக்கின்றன. பஹ்லவி எழுத்து இல்லாவிட்டாலும், இதற்கு உறவான ஒன்று இலங்கை அநுராதபுரத்தில் 1912-இல் கிடைத்தது. 6-ஆம் நூற்றாண்டில் கோஸ்மாஸ் என்ற பயணி இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர் இருந்ததைப் பதிந்திருக்கிறார். அப்ராஸ் போன்றவர்களின் வலைப்பின்னல் பெயரோடும் கல்லோடும் நம் கையில் இருக்கிறது. தோமாவையே தேடிக்கொண்டிருந்ததில் அவர்களை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை.

5. இடைவெளியை நிரப்பும் ஆசை

முதல் நூற்றாண்டுக்கும் 6-ஆம் நூற்றாண்டுக்கும் இடையே தமிழகக் கரையில் கிறிஸ்தவச் சான்று எதுவும் கையில் இல்லை. வெற்றிடத்தைப் பார்த்தால் சிலருக்குக் கை பரபரக்கும். ஜி.யு. போப் 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, மயிலைக் கடற்கரையில் உலவிய வள்ளுவர் கிறிஸ்தவ போதகர்களிடம் கேட்டறிந்திருக்கலாம் என்று கற்பனை செய்தார். அவர் ஊகமாகச் சொன்னதை 1969-இல் மு. தெய்வநாயகம் 'திருவள்ளுவர் கிறித்தவரா?' என்ற நூலில் முழு வாதமாக்கினார். வள்ளுவரின் காலம், மயிலையோடு அவருக்குள்ள தொடர்பு, அக்கால மயிலையில் கிறிஸ்தவர் இருந்தது ஆகிய மூன்றும் உறுதிப்பட்டால்தான் அந்த வாதம் நிற்கும். மூன்றில் ஒன்றும் உறுதிப்படவில்லை.

மறுபக்கத்திலும் இதே அவசரம் உண்டு. 7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பூம்பாவைப் பதிகத்தில் மயிலைக் கபாலீச்சரத்தின் திருவிழாக்களைப் பாடியிருக்கிறார். பழைய கபாலீசுவரர் கோயில் கடலோரத்தில் இருந்தது, போர்ச்சுக்கீசியர் காலத்தில் அழிந்தது, இன்றைய கோயில் பிறகு எழுந்தது என்பதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. அதை ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். ஆனால் 16-ஆம் நூற்றாண்டில் ஒரு கோயில் இடிந்தது என்பது, 13-ஆம் நூற்றாண்டில் பக்கத்திலேயே ஒரு கிறிஸ்தவ நினைவிடம் இருந்ததைப் பொய்யாக்காது. இரண்டும் தனித்தனி வழக்குகள்.

எதிர்பாராத இடத்தில் எதிர்பாராத முடிவுக்கு வந்தவர்களையும் பார்க்கலாம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியோடு தொடர்புடைய ஜி. மில்ன் ரே என்ற மிஷனரி 1892-இல் எழுதிய நூலில், தோமா தென்னாட்டுக்கு வந்ததாகச் சொல்லும் மரபை மறுத்தார். சபை வளர வேண்டும் என்று உழைத்தவர், சபைக்குப் பெருமை தரும் கதையை ஏற்கவில்லை. அவரைப் போலவே புராட்டஸ்டண்ட் மிஷனரியான ஜே.என். பார்க்கர் 1926, 1927-இல் எழுதிய கட்டுரைகளில், தோமா முதலில் வடமேற்கிலும் பிறகு தெற்கிலும் பணிசெய்தது நடக்கக்கூடியதே என்று வாதிட்டார். ஒரே தரப்பைச் சேர்ந்த இருவர், ஒரே சான்றுகள், இரு முடிவுகள். யாரும் யாரையும் துரோகி என்று அழைக்கவில்லை.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு: 2006 செப்டம்பர் 27 அன்று திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் தம் பொது உரையில், தோமா மேற்கிந்தியா வரை சென்றார், அங்கிருந்து கிறிஸ்தவம் தென்னிந்தியாவையும் எட்டியது என்ற பொருள்பட ஒரு வரி சொன்னார். கேரளத்தில் சலசலப்பு எழுந்தது. பின்னர் வெளியான அதிகாரபூர்வ வடிவில், தோமாவே தென்னிந்தியாவை அடைந்ததாக அந்த வரி மாறியிருந்தது. நடுவில் புதிய சான்று எதுவும் கிடைக்கவில்லை.

6. வாசிப்பிலும் அதே ஒழுக்கம்

கல்லையும் நாணயத்தையும் மட்டுமின்றி, எல்லோருக்கும் தெரிந்த விவிலியப் பகுதிகளையும் இப்படிப் படித்துப் பார்க்கலாம். சந்தேகத் தோமா என்ற பட்டம் பிரசங்கங்களில் நிலைத்துவிட்டது. உயிர்த்த இயேசுவின் விலாக் காயத்தில் அவர் விரலை விட்டுப் பார்த்தார் என்றே பலரும் நினைக்கிறார்கள். 1600-களின் தொடக்கத்தில் காரவாஜியோ தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில் விரல் சதைக்குள் போவது வெளிப்படையாகவே தெரியும். யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். தொடும்படி அழைப்பு இருக்கிறது, தோமாவின் விசுவாச அறிக்கை இருக்கிறது. தொட்டார் என்ற செய்தி இல்லை. அதே நூலின் 11-ஆம் அதிகாரத்தில், யூதேயாவுக்குப் போனால் உயிராபத்து என்று தயங்கிய சீடர்களை, அவரோடு போய்ச் சாவோம் என்று கிளப்புபவரும் இதே தோமாதான். அந்த வசனத்துக்குப் பட்டம் எதுவும் கிடைக்கவில்லை.

இன்னொன்று உங்களுக்கே நெருக்கமானது. மலைப்பொழிவில் இயேசு, உப்பு தன் சாரத்தை இழந்தால் என்ன செய்வது என்று கேட்கிறார். சோடியம் குளோரைடு எப்படிச் சாரமிழக்கும் என்று உரையாசிரியர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். நடக்காத ஒன்றைச் சொல்லி மடக்குவதே நோக்கம் என்றனர் சிலர். யூத மரபிலும், பாபிலோனியத் தால்மூதில், ரப்பி யோசுவா இதே கேள்வியைக் கேலியாகக் கையாளும் ஒரு கதை உண்டு. லூக்கா நற்செய்தி இதே உவமையில் நிலத்தையும் உரக்குப்பையையும் குறிப்பிடுவதால், மண்ணுக்கு இடும் உப்பைப் பற்றிய பேச்சு என்றனர் வேறு சிலர். மூன்றாவது விளக்கம் சாக்கடல் உப்பைப் பற்றியது. அதில் ஜிப்சமும் மண்ணும் கலந்திருக்கும். ஈரம் பட்டால் உப்பு கரைந்து ஓடிவிடும், வெள்ளையாக ஒரு பொருள் மட்டும் மிஞ்சும், நாக்கில் வைத்தால் சப்பென்றிருக்கும்.

அம்பாரம் போட்ட உப்பை ஓலையும் தார்ப்பாயும் போட்டு மூடிவைக்கும் உங்களுக்கு, ஐப்பசி மழையில் நனைந்த குவியலில் என்ன மிஞ்சும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றாவது விளக்கம் இந்த ஊரில் எளிதாக எடுபடும். அதனாலேயே மற்ற இரண்டையும் தள்ளிவிடக் கூடாது. கேட்பவரின் தொழிலுக்கு ஒத்துப்போகிறது என்பது ஒரு விளக்கத்தைக் கவனிக்கக் காரணமாகும். மூலத்தில் அதுதான் கருதப்பட்டது என்று நிறுவ அது போதாது.

அவையோரே, தொகுத்துச் சொன்னால் நிலைமை இது. முதல் நூற்றாண்டில் கடல்வழி இருந்தது உறுதி. 3-ஆம் நூற்றாண்டில் எடெசாவில் தோமாவை இந்தியாவோடு சேர்த்து நினைத்தார்கள், வடமேற்கின் மெய்யான அரசன் ஒருவன் அந்த நினைவில் இருக்கிறான். 7, 8-ஆம் நூற்றாண்டை ஒட்டிப் பரங்கிமலையில் பாரசீகக் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் மயிலையில் தோமாவின் பெயரால் யாத்திரை நடந்தது. தோமாவே இந்தக் கரையில் காலடி வைத்தாரா என்றால், வைத்திருக்கக்கூடும். அதற்கு மேல் இன்றைய சான்றுகள் போகவில்லை.

இனிச் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. சிரியாக்கும் பஹ்லவியும் படிக்கத் தெரிந்த தமிழ் மாணவர்கள் வேண்டும். பரங்கிமலை வரியை நேரே படித்து வாதாடும் ஒருவர் இந்தக் கரையிலிருந்து வரலாம். பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த நீலப்பச்சை மெருகிட்ட பானை ஓடுகள் இந்தியப் பெருங்கடல் துறைகள் பலவற்றில் கிடைத்திருக்கின்றன. அப்ராஸ் காலத்து வணிகத்தின் தடயம் அவை. கழுவெளியை ஒட்டியோ பக்கிங்காம் கால்வாய்க் கரையிலோ வரப்பு வெட்டும்போது அப்படி ஓர் ஓடு மண்வெட்டியில் தட்டுப்பட்டால், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்கோ பக்கத்துக் கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கோ தகவல் கொடுங்கள். ஓட்டை மட்டும் எடுத்துக் கழுவி அலமாரியில் வைத்துவிட்டால் பாதிச் செய்தி போய்விடும்.